பிரேக்கை அமுத்தியது யார்?

பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்குப் பேய்ப் பயம் உண்டு. இதை ஒப்புக்கொள்வதில் இனி வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் தெரிந்த விஷயம்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதலில் கார் வாங்கியவனும் நானே. (கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது.) அக்காவுக்கு அப்போது எட்டு மாதம். மறுநாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிளினிக். நானே கூட்டிப்போகிறேன் என்று பெரிய மனிதனாக வாக்குக் கொடுத்திருந்தேன். தோட்டப் பாதையோ பதினொரு வளைவு, எல்லாம் இறக்கம். கிளினிக்குக்கு முந்தின நாள் மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் ஒயில் கோப்பி மாதிரிக் கறுத்துக் கிடந்தது.

அன்று போயா விடுமுறை. கராஜ் பூட்டு. போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் பிரேக்கை அமுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பின்னாலுள்ள நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்தால் பழைய ஒயில் குழாய் வழியே போத்தலுக்கு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது.

அக்காவின் கணவரைச் சாரதி ஆசனத்தில் உட்கார வைத்தேன்.

“மச்சான், அமுத்துங்கன்னா அமுத்துங்க. அமுத்தியாச்சுன்னு பதில் சொல்லுங்க. பதில் வராம நான் தெறக்க மாட்டேன்.”

“கால வைக்கறதுக்கும் பரீட்ச வைக்கிறியா மாப்புள?”

முதல் சக்கரம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதற்காகப் பின்பக்கமாகக் காருக்கு அடியில் நுழைந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. பகல் மூன்று மணிதான். தேயிலையும் லயமும் மறைந்து, காரைச் சுற்றி வெறும் வெள்ளை.

“அமுத்துங்க மச்சான்.”

பதில் இல்லை. பிரேக் மிதி இறங்கும் மெல்லிய கிறீச் மட்டும் கேட்டது. திறந்தேன். ஒயில் வந்தது. மூடினேன்.

“விடுங்க.”

கிறீச். பேச்சில்லை. (கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.) இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை நான் வாயைத் திறக்குமுன்பே மிதி தானாக இறங்கியது. கை பழக்கத்தில் நிப்பிளைத் திறந்தது.

அப்போது என் தலைமாட்டில், பனிக்குள் இரண்டு மனிதக் கால்களும் நான்கு குளம்புகளும் வந்து நின்றன.

“யாருகிட்ட மாப்புள பேசுற?” என்றது மச்சானின் குரல். “ஆடு கயித்த அத்துக்கிட்டுச்சுன்னு சத்தம் போட்டுத்தான புடிக்கப் போனேன்.”

அதன்பின் நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். நான் அலறினேனாம். தலையைக் காரில் இடித்து, புது ஒயில் போத்தலைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் உதைத்து, நான்காவது வீட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தேனாம். என் அலறலோடு மிதியும் மேலே வந்துவிட, பிரேக்குக்குள் காற்று ஏறிவிட்டது.

ஆசனத்தில் இருந்தது அக்கா. மச்சானைத் தேடி வந்து, இடுப்பு வலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“மாசமா இருக்கறவ மூட்டத்துல மொகந்தெரியாத சத்தத்துக்குப் பதில் சொல்லக்கூடாதுடா. அதுவும் மண்ணுக்குள்ளருந்து வருது.”

“அப்ப எதுக்கு அமுத்துன?”

“அமுத்துறது பதில் சொல்றதாகுமா?”



மறுநாள் பிரேக் இல்லாத கார் கல்லின்மேல் நிற்க, அக்கா பக்கத்துத் தோட்டத்து முச்சக்கர வண்டியில் பதினொரு வளைவும் குலுங்கினாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கொரு திட்டு. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாயிருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பும் வழியில் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

“ஆனா நீ சொன்ன ரெண்டு தடவதான்டா நான் அமுத்துனேன்.”

“மூணு.”

“ரெண்டு.”

அன்று அக்காவின் வயிற்றிலிருந்த மருமகளுக்கு இப்போது நாலு வயது. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தக் கதை வரும். எல்லோரும் சிரித்து முடித்ததும் மச்சான் என் பக்கம் திரும்புவார்: “படிச்சவன் நீதான மாப்புள, சரியா எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்க்கிறேன். மூன்றுதான் வருகிறது.