கவர்மெண்ட் மாமா

ஊரிலிருந்து ஒருவர் துபாயில் வந்து இறங்கிவிட்டால் போதும், வளைகுடாவில் வேலை பார்க்கும் எவனும் ஏழையாக இருக்க மாட்டான். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுப்பவன்கூட விமான நிலையத்தில் வேறு ஆள். இந்த வியாதியால் ஒரு பல்கலைக்கழகத்தின் வயிற்றில் அடித்தவன் நான்.

வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய, நாங்கள் படித்த பல்கலைக்கழகம் அப்போது கையில் காசில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. என் ராத்தாவின் (அக்காவைத்தான் சொல்கிறேன்) கணவர் அங்கே விரிவுரையாளர். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அரசு மானியம் கொடுத்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதை முடிவு செய்யும் உயர் அதிகாரி லண்டன் போகும் வழியில் ஒரு நாள் துபாயில் தங்குகிறார் என்று தெரிந்ததும், துபாயில் எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவரான சேகர் அண்ணன் எங்களைக் கூட்டினார்.

"சாதாரண ஹோட்டல்ல சாப்பாடு போடுவோம். கஷ்டத்தைச் சொல்லி மனுவைக் குடுப்போம். காதர், நீ போய் அவரைக் கூட்டிட்டு வா. டாக்ஸி போதும்."

டாக்ஸியாம். (மானம் என்னாவது?) ஜெபல் அலி துறைமுகத்தில் நான் வேலை பார்த்த கிடங்கின் முதலாளி அப்போது வெளிநாடு போயிருந்தார். அவருடைய டிரைவர் பஷீர் பாயிடம் கெஞ்சி, முதலாளியின் பெரிய வெள்ளைக் காரைக் கிளப்ப வைத்தேன். கோட்டும் இரவல்தான். அதன் கை என் விரல் நுனிவரை தொங்கியது.

ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று அதிகாரியை ஜெபல் அலிக்கே கூட்டிப்போனேன். மலை மலையாகக் கன்டெய்னர்கள்.

"இதெல்லாம்...?" என்று இழுத்தார்.

"நம்ம பொறுப்புதான் சார்."

(முழுப் பொய்யில்லை. பெட்டி குறைந்தால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.) பஷீர் பாய்க்குத் தமிழ் தெரியாதது என் அதிர்ஷ்டம். போகிற வழியில் கடையில் நிறுத்தி, சென்ட், பேரீச்சம்பழம், கோடாலித் தைலம் என்று ஒரு பை நிறையத் திணித்தும் கொடுத்தேன்.

விருந்தில் சேகர் அண்ணன் எழுந்து, கூரை ஒழுகுவதையும் சம்பளம் வராததையும் உருக்கமாகச் சொல்லி மனுவை நீட்டினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"கையெழுத்துப் போடலாம்னுதான் கிளம்பும்போது நினைச்சேன். ஆனா வசதியே இல்லாத இடம் இன்னும் எவ்வளவோ இருக்கு. உங்களுக்குத்தான் காதர் சார் மாதிரி பழைய மாணவர்கள் இருக்காங்களே."

"காதர் சாரா?" என்றார் சேகர் அண்ணன். அப்போதுதான் என் கோட்டைக் கவனித்தார்.

அந்த வருடம் மானியம் வரவில்லை. ஊரிலிருந்து மச்சான்தான் போன் செய்தார்.

"ஜெபல் அலி முழுக்க உன்னுதாமே? துணைவேந்தர் சொன்னாரு. ஒரு கன்டெய்னரை வித்து எங்களுக்குச் சம்பளம் போடச் சொல்றாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனுஷன் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரசு மனமிரங்கும்வரை ராத்தா வீட்டு அரிசியும், அவள் மகள் நஸ்ரினின் பள்ளிக் கட்டணமும் என் ஓவர்டைமில்தான் ஓடின. பிறகு மானியம் வந்தது, மச்சானுக்குச் சம்பளமும் வந்தது. அந்த நாட்களில் ராத்தா வீட்டில் எனக்கு வைத்த பெயர் மட்டும் போகவில்லை. நஸ்ரின் தன் கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம், "இவங்கதான் எங்க கவர்மெண்ட் மாமா" என்று என்னைக் காட்டினாள்.

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். "எந்த டிபார்ட்மெண்ட் மாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"உயர்கல்வி."