ககனன் முத்தியடைந்த வெள்ளிக்கிழமை

விஞ்ஞான நாவல் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. (ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன கருத்து என்று கேட்கலாம். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதே எனக்குக் கருத்துகள் இருந்தன. வெளியே சொல்லத்தான் வெட்கம்.) அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எந்தக் கோளில் என்ன நடக்கும் என்பதை வரிவரியாகச் சொல்லிவிடுவார்கள். தங்கள் சொந்தப் புத்தக வெளியீட்டு விழாவில் இன்னும் அரை மணித்தியாலத்தில் என்ன நடக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்த் தவராசா மாஸ்டருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அன்று என்னை மேடையில் ஏற்றியிருக்கமாட்டார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில், கொழும்பில் நான் வேலைசெய்த கடை எரிந்தது. எங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். உடுத்த சாரத்தோடு புங்குடுதீவில் எங்கள் ஊரான இறுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தேன். சிறுவயதிலிருந்து கடையில் நின்றவன்தான், ஆனால் கடையின் முன்பக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை. யாராவது "பருப்பு என்ன விலை?" என்று கேட்டால் எனக்குக் காது சிவந்துவிடும். முதலாளி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு என்னைப் பின்னால் மூட்டை பிரிக்க அனுப்பிவிட்டார். மூட்டைகள் கேள்வி கேட்பதில்லை.

ஊரில் எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. இரண்டுக்கும் சம்பளம் இல்லை. ஒன்று, வாசிகசாலையில் கிடந்த கதைப்புத்தகங்களை எல்லாம் வாசித்து முடிப்பது. விஞ்ஞான நாவல் என்றால் எனக்கு உயிர். ஒரேயொரு குறை: ஏழு கோள் தாண்டிப் போகிற கலத்தில் அரிசி எவ்வளவு ஏற்றினார்கள், தேங்காய் எங்கே வைத்தார்கள் என்று எந்த எழுத்தாளரும் எழுதுவதில்லை. (கடைக்காரனின் கவலை.)

மற்றது, அம்மன் கோயில் மடத்தில் புராணம் படிப்பது. எங்கள் பக்கத்தில் புராணப் படிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார், அதாவது கருத்து விரித்துச் சொல்லுவார். வாசிக்கிறவர் ஜேர்மனிக்குப் போய்விட்டதால் என்னைப் பிடித்து இருத்தினார்கள். குரல் இருந்தது. நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேச ஏலாதவன், இராகம் எடுத்தால் மட்டும் பயப்படமாட்டேன். தலையைக் குனிந்தபடி வாசிக்கலாம், சொல்லும் நம்முடையதில்லை. பயன் சொன்னவர் கனகசபை அண்ணை. இடி விழுந்தாலும் அவர் பயன் சொல்லாமல் விடமாட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தவராசா மாஸ்டர் விஞ்ஞான ஆசிரியர். அவருக்கு இராசமலர் என்று ஒரு தங்கை. தையல் வகுப்பு நடத்தினாள். எங்கள் பகுதிக் கிணறுகள் எல்லாம் உவர் என்பதால் ஊர் முழுவதும் ஒரே நன்னீர்க் கிணற்றுக்குத்தான் போகும். நான் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு போவேன், அவள் குடத்தோடு வருவாள். ஒருநாள் அவள், "தண்ணி கலங்கலோ?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் கிணற்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். அந்த "ம்"முக்காக நான் ஒரு கிழமை தூங்கவில்லை.

நெடுந்தீவில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கு இது எப்படியோ மணத்துவிட்டது. தரகர் அம்பலவாணரைப் பிடித்துச் சம்பந்தம் பேச விட்டாள். அவர் போய்விட்டு வந்து எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்தினார்.

"தாய்க்காரிக்குச் சம்மதம். பெட்டைக்கும் மறுப்பில்லை. மாஸ்டர்தான் இழுக்கிறார்."

"என்னவாம்?"

"மாப்பிளை அஞ்சாம் வகுப்பாம்."

"அது உண்மைதானே அண்ணை."

"நீரே இப்பிடிச் சொன்னால் நான் என்னத்தைப் பேசுறது? பொறும். மாஸ்டர் ஒரு வழி சொன்னவர். வாற வெள்ளிக்கிழமை அவரின்ர நாவல் வெளியீடு. அதிலை நீர் மேடையேறிப் புத்தகத்தைப் பற்றி ஒரு நயவுரை செய்யவேணுமாம். பத்து நிமிஷம். ஆளுக்கு விளக்கம் இருக்கோ எண்டு பாத்துப்போட்டு ஓமோ இல்லையோ சொல்லுவாராம்."

"அண்ணை, நடுக்கடலிலை குதிக்கச் சொன்னாலும் குதிப்பன்."

"அதுக்கு மாஸ்டர் விழா வைக்கேல்லை" என்று சொல்லிப் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நாவலின் பெயர் 'நீர் தேடிய கலம்'. பூமியில் தண்ணீர் வற்றிப்போன காலத்தில் மனிதர்கள் ஒரு பெரிய கலத்தில் ஏறி, தண்ணீர் உள்ள கோளைத் தேடிப் போகிறார்கள். அவர்களோடு ககனன் என்ற இயந்திர மனிதன். அவனுடைய உடம்பு சூடேறாமல் இருக்க உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது. கடைசியில் தாகத்தில் மயங்கிய ஒரு குழந்தைக்கு அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு அவன் நின்றுபோகிறான். அரிசிக் கணக்கு இதிலும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வளவுக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன்.

நயவுரையை மனப்பாடம் செய்தேன். வீட்டுக்குப் பின்னால் நின்ற பனைகளுக்குப் பேசிக் காட்டினேன். பனைகள் நல்ல சபை. எழும்பிப் போகா.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விழா. வாசிகசாலையில் இடம் போதாது என்று கோயில் மடத்தில் வைத்தார்கள். நான் புராணம் படிக்கும் அதே மடம். வந்திருந்ததும் அதே சனம். பூசை முடிந்து பொங்கல் கிடைக்கும்வரை அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. பொழுதுபடமுன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டிய காலம் என்பதால் மாஸ்டர் நேரத்தைச் சுருக்கச் சொல்லியிருந்தார். பட்டினத்திலிருந்து வந்த மூன்று பேச்சாளர்களும் அதை மற்றவருக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் முடிப்பதற்குள் முன்வரிசையில் கனகசபை அண்ணை வாயைத் திறந்தபடி உறங்கிவிட்டார். பெண்கள் பக்கம் தூண் ஓரமாக இராசமலர் இருந்தாள். நான் பார்க்கவில்லை. (பார்த்தேன்.)

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அவைத் தலைவர் அவர்களே" என்றேன். தலைவர் தலையசைத்தார். அடுத்த சொல் வரவில்லை. பனைகளுக்கு முன்னால் அருவி மாதிரி வந்தது. "அவைத் தலைவர் அவர்களே" என்றேன் மறுபடியும். அவர் மறுபடியும் தலையசைத்தார். மூன்றாம் முறை அவர் அசைக்கவில்லை, என்னை உற்றுப் பார்த்தார்.

பக்கத்துக் கதிரையில் இருந்து மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐசே, புத்தகத்தைப் பாத்தாவது வாசியும்!" என்றார்.

நல்ல யோசனை. தலையைக் குனிந்து புத்தகத்தை விரித்தேன். ஆனால் அந்த மடத்தில், அந்தச் சனத்துக்கு முன்னால், உரத்து வாசிக்க எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான்.

"அண்டவெளியின் அகன்ற இருளிலே... ஏ... நூற்றாண்டுகளாய் விரைந்த அப்பெருங்கலம்... ஆ... ஏழாம் கோளை அணுகிற்றே..."

'அணுகியது' என்றுதான் அச்சில் இருந்தது. இராகம் 'அணுகிற்றே' ஆக்கிவிட்டது. வரியின் முடிவில் வழக்கம்போல மூச்சு எடுக்க நிறுத்தினேன். அந்த இடைவெளியில்தான் என் வாழ்க்கை கெட்டது. உறக்கத்தில் இருந்த கனகசபை அண்ணைக்குக் கண் திறப்பதற்கு முன் வாய் திறந்துவிட்டது.

"அதாவது, அண்டம் எண்டு சொல்லப்பட்ட அந்தப் பெருவெளியிலே, குடிக்கத் தண்ணியில்லாமல் அலைஞ்ச சனங்கள் ஏறிவந்த கலமானது ஏழாம் கோளுக்குக் கிட்ட வந்துதாம்."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று பேச்சுக்கும் அசையாத சனம், "தண்ணியில்லாமல்" என்ற சொல்லுக்கு அசைந்தது. மாஸ்டர் என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் புராணத்தை இடையில் நிறுத்துவது பாவம் என்று பழகியவன் நான். அடுத்த வரிக்குப் போனேன்.

"எரிபொருட் கலன் வெறுமையாயிற்றே... ஏ..."

"எண்ணெய் முடிஞ்சுது. குறிகட்டுவான் துறைக்கு வாற லோஞ்சு நடுக்கடலிலை நிண்டால் எப்பிடி இருக்குமோ, அப்பிடி நிண்டுது."

"ஐயோ!" என்றது பெண்கள் பக்கம்.

சரியாக அந்த நேரம் மடத்துக்கு மேலே இராணுவ ஹெலிகொப்டர் வந்தது. அந்த நாட்களில் ஹெலிச் சத்தத்துக்கு யாரும் யோசித்து நிற்பதில்லை. சபை முழுவதும் நிலத்தோடு நிலமாகியது. பட்டினத்துப் பேச்சாளர்கள் மூவரும் ஒரே மேசைக்குக் கீழே. நானும் குந்திக்கொண்டேன், ஆனால் இராகத்தை விடவில்லை. கனகசபை அண்ணை மட்டும் கதிரையில் அசையாமல் இருந்து விரலை மேலே காட்டினார்.

"கேட்டியளே பிள்ளையள்? இப்பிடித்தான் அந்தக் கலமும் வந்தது!"

ஹெலி போனது. சனம் எழும்பித் தூசி தட்டிக்கொண்டு இன்னும் கிட்ட வந்து இருந்தது. அதற்குப் பிறகு எங்களை யாரும் பிடிக்க முடியவில்லை. பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தேன். அண்ணை பயன் சொன்னார். அவர் அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்தவரில்லை. ககனன் முற்பிறப்பில் ஒரு முனிவர் என்றார். சாபத்தால் இரும்பானான் என்றார். கடைசிப் பக்கம் வந்தது. ககனன் நெஞ்சைத் திறந்து தண்ணீரை எடுத்துக் குழந்தையின் வாயில் விடுகிறான். எனக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றார்.

"தண்ணி குடுத்தான்! சாபம் தீர்ந்தது! ககனன் முத்தியடைந்தான்!"

"அரோகரா!" என்றது மடம் முழுவதும்.

மாஸ்டர் துள்ளி எழும்பினார். "நிப்பாட்டுங்கோ! ககனனுக்கு உயிரே இல்லை! அது ஒரு மெசின்! அதுதான் கதையின்ர கருத்து!"

முன்னால் இருந்த ஒரு கிழவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "தம்பி, தண்ணி குடுத்தவனுக்கு உயிரில்லை எண்டு சொல்லாதையும். வாய் அழுகும்."

"எழுதினது நான், ஆச்சி!"

"எழுதினால் என்ன? கனகசபையர் சொன்னதுதான் சரி."

"ஓமோம்" என்றது சபை. மாஸ்டர் ஏற்புரை சொல்லாமலே இறங்கி நடந்தார். நான் தூண் பக்கம் பார்த்தேன். இராசமலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, மடத்துக்குப் பின்னால் ஓடுவது தெரிந்தது. அழுகிறாள். என்னால் அழுகிறாள். பொங்கல்கூட வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் நெடுந்தீவுக்குப் படகேறி அக்கா வீட்டில் ஒளிந்துகொண்டேன். அக்கா விசாரித்தபோது, "நயவுரை செய்தனான்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஊர்க் கட்டைக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தேன்.

சில கிழமைகள் கழித்துத் தரகர் அம்பலவாணர் வந்தார். கடல் கொந்தளிப்பில் வாந்தி எடுத்து, முகம் வெளிறி, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை எண்டு சொல்ல இவ்வளவு தூரம் வந்தனீங்களோ அண்ணை?" என்றேன்.

"இல்லை எண்டு சொல்லுறதெண்டால் தபாலிலை சொல்லியிருப்பனே! முதலிலை தேத்தண்ணி தாரும்."

குடித்துவிட்டுச் சொன்னார். வெளியீட்டுக்குக் கொண்டுவந்த புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லையாம். வாங்கிய சனம் அதைச் சாமியறையில் வைத்திருக்கிறதாம். மாஸ்டர் ஒரு வீட்டுக்குப் போனபோது அட்டையில் இருந்த விண்கலத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்ததாம். மனிசன் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"அப்ப ஏன் ஓம் எண்டவர்?"

"அவர் எங்கை ஓம் எண்டவர்? பெட்டை சொல்லிப்போட்டாள், 'அண்ணா, நாலு பேருக்கு முன்னாலை வாய் திறக்கேலாத மனிசன், தண்ணி குடுக்கிற இடத்திலை குரல் உடைஞ்சதை நான் கேட்டனான். கட்டினால் அவரைத்தான்' எண்டு. மாஸ்டர் ஒரேயொரு நிபந்தனை போட்டிருக்கிறார். கலியாண வீட்டிலை மாப்பிளை வாய் திறக்கக் கூடாதாம்."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு இவ்வளவு இலகுவான நிபந்தனை விதித்ததில்லை.

(அன்று அவள் அழவில்லையாம். சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போய் மடத்துக்குப் பின்னால் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவர்களோடு மோதினாளாம். கலியாணம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.)

மாஸ்டர் இப்போது நோர்வேயில் இருக்கிறார். இன்னும் விஞ்ஞான நாவல்தான் எழுதுகிறார், முன்னைவிட நன்றாக. புதிதாக ஒன்று அச்சானால் எங்களுக்குத் தபாலில் வரும். வெளியீட்டு விழாவுக்கு மட்டும் எங்கள் குடும்பத்தில் எவருக்கும் அழைப்பு வந்ததில்லை. ஒவ்வொரு புத்தகத்திலும், மற்ற எழுத்தாளர்கள் உரிமை பற்றி எழுதும் பக்கத்தில், சிறிய எழுத்தில் இப்படி இருக்கும்: 'ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியின்றி இந்நூலின் எப்பகுதியையும் மறுபிரசுரம் செய்தலோ இராகத்தில் வாசித்தலோ ஆகாது.'

புத்தகம் வந்ததும் இராசமலர் உறையைக் கிழித்து முதலில் அந்த வரியைத்தான் வாசிக்கிறாள். இராகத்தில். எங்கள் மூத்த மகள் பயன் சொல்லுகிறாள்.