அகலக்கால் வைத்த ஜீப்

வாழ்க்கையில் ஒரு காரியத்தையாவது நீரஜாவைக் கேட்காமல் செய்து பார்ப்பது என்று போன மாதம் தீர்மானம் செய்தேன். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அதுவே என் முதல் தீர்மானம். அதையும் அவள் சமையலறையில் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தேன்.

என் பெயர் கஸ்தூரிரங்கன். நந்தனத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஊரில் உள்ள விபத்துகளுக்கெல்லாம் காரணம் கேட்டு எழுதுகிறவன். மயிலாப்பூரில் வீடு. நீரஜா பாட்டு டீச்சர். வீட்டில் சுருதியும் அவள்தான், தாளமும் அவள்தான். நான் தலையாட்டுகிறவன்.

ஐம்பது வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. மலை ஏறுகிற ஜீப் ஒன்று, பழையது, நீரஜாவிடம் கெஞ்சி அனுமதி பெற்று வாங்கினேன். அதற்கு ஏணி வைத்தேன். நெற்றியில் நாலு விளக்கு வைத்தேன். அப்புறம்தான் நீரஜா, இனி அந்த வண்டியில் ஒரு ஸ்க்ரூ கூட ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டாள். நானும் சரி என்றேன்.

ஆனால் ஜீப் நிற்கிற நிலை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உயரம் இருந்தது, அகலம் இல்லை. போட்டோ எடுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிற சின்ன மாமனார் மாதிரி ஒடுங்கி நின்றது. மெக்கானிக் அக்பர் பாஷாவிடம் குறையைச் சொன்னேன்.

"இவ்ளோதானா சார்? ஸ்பேசர் போட்ரலாம். வண்டி சும்மா மல்லனாட்டம் நிக்கும்" என்றார்.

ஸ்பேசர் என்றால் தடியான ஒரு அலுமினிய வளையம். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இதை வைத்து, மறுபடி சக்கரத்தை மாட்டினால் அது அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். நாலு சக்கரத்துக்கும் போட்டால் வண்டி காலை அகட்டி நிற்கும். பெயரே எனக்குப் பிடித்துப் போயிற்று. வீட்டில் எனக்கு ஸ்பேஸ் கிடைக்காவிட்டாலும் ஜீப்புக்காவது கிடைக்கட்டுமே.

சனிக்கிழமை ஜீப்புக்குச் சக்கர அலைன்மென்ட் பார்க்கப் போவதாக நீரஜாவிடம் சொன்னேன். அலைன்மென்டா, அலைச்சலா என்று கேட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

மாலை ஜீப் திரும்பி வந்தது. சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தன. எனக்கே நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமானது. நீரஜா பால்கனியிலிருந்து பார்த்தாள்.

"ஏன்னா, வண்டி குண்டாயிடுத்தா?"

"காத்து அடிச்சிருக்கேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவளுடைய மாணவி மஹதிக்கு முதல் கச்சேரி. தி. நகரில் ஒரு சின்ன சபாவில் பகல் கச்சேரி. பன்னிரண்டு வருஷமாக நீரஜாவிடம் பாடம் கேட்கிற பெண். இவர்கள் இருவரும் முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டார்கள். தம்புராவை ஜீப்பில் பத்திரமாகக் கொண்டுவருவது என் பொறுப்பு.

முந்தின நாள் மழை. சபா வாசலில் ஒரு குளமே தேங்கியிருந்தது. வாசலில் அரக்குப் பட்டில் நீரஜா, அவளுக்கு முன்னால் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் மஹதி. மெதுவாகப் போய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜீப்பின் புது நிலையை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று ஒரு அற்ப ஆசை. ஸ்டைலாக ஒரு வளைவு எடுத்தேன்.

மட்கார்டுக்குள் இருக்கிற சக்கரம் சேற்றை மட்கார்டில் அடிக்கும். மட்கார்டைத் தாண்டி நிற்கிற சக்கரம் எதில் அடிக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மஹதியின் தோளிலிருந்து பாதம் வரை அடித்தது.

அவள் கத்தவில்லை. புடவையைக் குனிந்து பார்த்தாள். நான் இறங்கி நின்றேன். துடைத்துக்கொள்ள என் கைக்குட்டையை நீட்டினேன். ஜன்மத்தில் அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை. அவளே, "பரவாயில்ல மாமா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நீரஜாவும் என்னைத் திட்டவில்லை. குனிந்து, மட்கார்டுக்கு வெளியே சக்கரம் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு தம்புராவை வாங்கிக்கொண்டு மஹதியை உள்ளே அழைத்துப் போனாள்.

திரை விலகியது. மஹதி நீரஜாவின் அரக்குப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தம்புராவுடன் நீரஜா. மாம்பழக் கலர் புடவை, அதில் என் சேறு. தலைப்பை இழுத்து மறைத்துக்கொள்ளக் கூட இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து மீட்டினாள். மஹதிக்கு வர்ணத்தில் குரல் கொஞ்சம் ஆடியது. பைரவிக்கு வந்தபோது நிலைத்துவிட்டது. சபையே தலையாட்டியது. எனக்கு மட்டும் தலை நிமிரவில்லை.

கச்சேரி முடிந்து கேன்டீனில் எல்லோரும் நீரஜாவைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். புடவையில் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம், எங்காத்துக்காரர் குழந்தைக்கு அக்ஷதை போட்டார், நான் வாங்கிண்டேன் என்று சிரிக்காமல் பதில் சொன்னாள். ஒவ்வொருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கையிலிருந்த வடை கனத்தது.

மஹதியின் அப்பா கிரீஷ் மரியாதையாகத்தான் கேட்டார், மட்கார்டு இருந்தும் அவ்வளவு உயரத்துக்கு எப்படி அடித்தது என்று. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீரஜாவுக்காக ஸ்பேசர் போட்டேன் என்று ஆரம்பித்தேன். ஜீப் உயரமான வண்டி, வளைவில் ஆடும், அவளுக்குப் பயம், அகலப்படுத்தினால் ஆட்டமே இருக்காது, இனிமேல் அதை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கூட்டம் கனிந்தது. ஒரு மாமி, கொடுத்து வைத்தவள் என்று நீரஜாவைப் பார்த்துச் சொன்னாள்.

நீரஜா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவா பண்ணினேள்?"

"உனக்காகத்தான்."

"யார் வேணா ஓட்டலாமா?"

"யார் வேணா."

"அப்போ சாவியைக் குடுங்கோ."

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன். தண்டனையாக இரண்டு நாள் பிடுங்கி வைத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்து அவள் நேராக டிரைவர் பக்கம் போனாள். சேற்றுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மஹதி பக்கத்து சீட்டில். தம்புரா பின் சீட்டில், படுத்தவாக்கில். எனக்கு இடம் இல்லை.

உனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியும், கோபாலபுரம் முழுக்க அப்பாவின் ஃபியட்டை ஓட்டியிருக்கிறேன் என்றாள். போன வருஷம் லைசென்ஸைக் கூடப் புதுப்பித்தாளாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் அவளை இறக்கி விட்டதே நான்தானாம்.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

திங்கட்கிழமையே ஸ்பேசரைக் கழற்றிவிடுகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். எனக்காக ஆசையாகப் பண்ணினது, இருக்கட்டும், மட்கார்டை மட்டும் அகலமாக மாற்றிக் கொடுங்கோ என்றாள். பிறகு கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டு, "ரிவர்ஸ் எடுக்கறேன். பின்னாடி பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

சபா வாசலில், எல்லோர் முன்னாலும், கணுக்கால் தண்ணீரில் நின்று பார்த்துச் சொன்னேன்.

"வரலாம்... வரலாம்..."