சுருங்கிப் போன பனியன்

தீபாவளியன்று காலையில் சாரதாமணியின் புது ரவிக்கை கிழிந்தது.

கிழிந்தது என்றால் ஏதோ ஓரத்தில் தையல் விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. முதுகில் மேலிருந்து கீழ்வரை, தெருவில் வெடித்த பட்டாசையும் மீறிக் கேட்கும்படி கிழிந்தது. அந்த நேரம் அவள் குனிந்து விருந்தாளிகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். குண்டடத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் பெரியாத்தாள் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தியில் இருந்த உறவுக்காரர்கள் இலையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். சும்மா இருக்க முடியாதவர் சாரதாமணியின் வீட்டுக்காரர் ரத்தினசாமி ஒருவர்தான்.

ரத்தினசாமிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை, அதில் நாலு மெஷின். நூலிலேயே விழுந்து நூலிலேயே எழுந்த மனுஷர். அவர் வாயில் வந்ததும் நூல்தான்.

"இருபது வயசுல இந்த ஊட்டுக்கு நாப்பதாம் நம்பர் நூலா வந்தா. இப்ப நாப்பது வயசாகறப்ப இருபதாம் நம்பரா நிக்கறா!"

நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். நாற்பது என்றால் சன்னம். இருபது என்றால் தடிமன். திருப்பூரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பந்தி குலுங்கிச் சிரித்தது. சாரதாமணி சிரிக்கவில்லை. நாற்பதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தது ஒரு காரணம். இருபதாம் நம்பர் என்பது உண்மையாக இருந்தது இன்னொரு காரணம்.

அவள் பழைய ரவிக்கையை மாற்றிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். பந்தி முடிந்து, ரத்தினசாமி வெற்றிலை மடிக்கும்போது எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க."

"என்ன அம்மிணி?"

"போன தைப்பூசத்துக்குச் சிவன்மலைக்கு என்னை டோலில தூக்கிட்டுப் போனாங்களே, நெனப்பிருக்குதுங்களா?"

"இல்லாமயா? தூக்குன ரெண்டு பேரும் எறக்கி வெச்ச கையோட, இனி இந்தப் பொழப்பே வேண்டாம்னு போயிட்டாங்களே!"

"இந்தத் தைப்பூசத்துக்கு ஒடம்பை எறக்கீட்டு நடந்தே ஏறப் போறனுங்க."

"ஒடம்பை எறக்கறதுன்னா என்ன, தலையில இருக்கற கூடையை எறக்கறதா?"

"எறக்காட்டி, நீங்க பொழுதோட சீட்டாடப் போறதைப் பத்தி ஆயுசுக்கும் ஒரு வார்த்தை கேக்க மாட்டனுங்க."

ரத்தினசாமிக்கு வெற்றிலை கையிலேயே நின்றது. சீட்டுக் கச்சேரிக்கு ஆயுள் அனுமதி! கும்பிடப் போன சாமி எதிரில் வந்த மாதிரி இருந்தது. ஆனால் பெரியாத்தாள் லேசில் விடுகிற ஆளில்லை.

"அவ வெச்சுட்டா. நீ என்னடா வெக்கறே, தம்பி?"

"என்ற எடைக்குக் கீழ இவ எடை வரட்டுமக்கா. என்ற கிராப்பைச் சிவன்மலை முருகனுக்குக் குடுத்தர்றேன்!"

இது சின்ன வார்த்தை இல்லை. நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு கிராப்பு கடைவீதியில் வேறு யாருக்கும் கிடையாது என்பது ரத்தினசாமியின் முடிவான கருத்து. நெற்றியில் ஒரு சுருள் தானாக விழுந்த மாதிரி விழும். அதைத் தானாக விழவைக்க அவர் கண்ணாடி முன் நிற்கும் நேரத்தில் ஒரு டஜன் பனியன் தைத்துவிடலாம். அவருடைய சீட்டு ஜமாவில் மற்ற தலைகளெல்லாம் பளபளத்துக்கொண்டிருந்தன. அந்தக் கிராப்பைத்தான் பந்தயம் வைத்தார். தோற்றால்தானே?

அன்றைக்கே கொட்டகையில், நூல் நிறுக்கிற பெரிய தராசில் இரண்டு பேரும் ஏறினார்கள். ஊரில் ராத்தல் போய்க் கிலோ வந்துவிட்ட காலம் அது. நூல் கணக்கில் மட்டும் ராத்தல் போகவில்லை. பத்து ராத்தல் ஒரு பண்டல், கிலோவில் சுமார் நாலரை. மேஸ்திரி சுப்பையன் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா உங்களைவிட ரெண்டு பண்டல் எச்சுங்க, மொதலாளி."

"ரெண்டு பண்டலா!" என்று ரத்தினசாமி சுருளைத் தடவிவிட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து சாரதாமணி ஆரம்பித்தாள். காலையில் பக்கத்து ஊரான மண்ணரைவரை நடை. மத்தியானம் கொள்ளு. ராத்திரியும் கொள்ளு. நெய்க் கிண்ணம் இருக்கும் பக்கம் திரும்புவதில்லை. "எடை குறைஞ்சாத்தான் இடை தெரியும், இடை தெரிஞ்சாத்தான் நடை வரும்" என்று ரத்தினசாமி பாட்டாகவே பாடினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரம் தவறாமல் தராசில் ஏறினாள். கார்த்திகை தீபம் வருவதற்குள் எட்டு ராத்தல் இறங்கிவிட்டது.

ரத்தினசாமி கண்ணாடி முன் நிற்கும் நேரம் கூடியது. முருகன் கனவில் வந்து கிராப்பையே பார்த்தார்.

நல்ல வேளையாக, எட்டு ராத்தல் பத்தானதோடு தராசு நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தாள். இன்னொரு வாரம் பார்த்தாள். கொள்ளைப் பாதியாக்கினாள், நடையை இரண்டு மடங்காக்கினாள். தராசு அசையவில்லை. மூன்றாவது வாரம் இறங்கி வந்து நூல் மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஒடம்புல ஒட்டிக்குதுங்க. பசில ராத்திரி தூக்கம் வரமாட்டீங்குது. இன்னும் என்னதானுங்க பண்ணறது?"

ரத்தினசாமிக்கு மனசு இளகிவிட்டது. கல்யாணமான நாள் முதல் தனக்கென்று எதையும் கேட்காதவள். மலையேற வேண்டும் என்று ஒரே ஒரு ஆசை. பந்தயத்தை விட்டுவிடலாம் என்று வாயெடுத்தார். அப்போது காற்றில் நெற்றிச் சுருள் புரண்டு கண்ணில் பட்டது. வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"கவலையை உடு அம்மிணி. நாக்கு செத்துப் போச்சு, இன்னிக்கு ஒப்புட்டு சுடேன்."

கணக்கு சுலபம். சமைக்கிற கை சும்மா இருக்குமா? அடுப்படியில் பருப்புப் பூரணமும் நெய்யும் மணக்க மணக்க நின்றால் ஒரு வாய் போடாமல் இருப்பாளா? ஒரு ஒப்புட்டு உள்ளே போனால் அரை ராத்தல் ஏறாதா?

சாரதாமணி முந்தானையை எடுத்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். மூட்டைக்கு விலை சொல்லும் முன் நூல்காரர் பார்க்கிற பார்வை. பிறகு சிரித்தாள்.

"அதுக்கென்னங்க? சுட்டாப் போச்சு."

அந்தச் சிரிப்பில் உஷாராகியிருக்க வேண்டும். ரத்தினசாமி இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஒப்புட்டு. மறுநாள் தேங்காய்ப் பாலோடு சந்தகை. அதற்கு மறுநாள் அரிசிம்பருப்புச் சோற்றின் நடுவில் குழி, குழி நிறைய நெய். நடுவில் ஒரு நாள் வெல்லப் பாகில் கச்சாயம்.

"நீயும் ஒண்ணு எடுத்துக்கோயேன்."

"எனக்கெதுக்குங்க? நீங்க சாப்புட்டா நான் சாப்புட்ட மாதிரி."

"பாகு பதமா இருக்குதான்னு பாத்தியா?"

"நான் வாயில வெக்கக் கூடாதுங்களே. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பதம் பார்ப்பதற்கென்று ஒரு தட்டு. பதம் சரி என்று தெரிந்த பிறகு சாப்பிடுவதற்கு ஒரு தட்டு. மிஞ்சியது வீணாகக் கூடாதென்று கம்பெனிக்கு ஒரு தூக்கு. அவள் மட்டும் கொள்ளை மென்றுகொண்டு எதிரில் உட்கார்ந்து விசிறினாள். என்ன மன உறுதி என்று ரத்தினசாமிக்கே வியப்பாக இருந்தது. வியப்போடு இன்னொரு ஒப்புட்டைப் பிட்டுப் போட்டுக்கொண்டார்.

வேட்டிக்கு சைஸ் கிடையாது. அது யாரையும் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்கப் பார்த்தது பனியன்தான். பனியனில் கதை தலைகீழ். நம்பர் ஏற ஏற ஆள் பெருசு. ரத்தினசாமி முப்பத்தாறு. பொங்கல் சமயத்தில் ஒரு நாள் காலையில் புதுப் பனியனைப் போட்டார். தலை நுழைந்தது. கை நுழைந்தது. வயிற்றுக்கு மேல் வந்ததும் பனியன் நின்றுவிட்டது.

முப்பது வருஷமாகப் பனியன் தொழிலில் இருக்கிறவருக்குக் காரணம் தெரியாமல் போகுமா? நேராகக் கொட்டகைக்குப் போனார்.

"ஏண்டா சுப்பையா! துணியைச் சலவைக்குப் போட்டு எடுத்தியே, பாத்தியா? இந்தத் தடவை தெச்ச லாட்டு பூரா சுருங்கிக் கெடக்குது!"

"சுருங்கலீங்களே, மொதலாளி. அளந்துதானுங்க வெட்டுனோம்."

"நான் போட்டுக்கிட்டு நிக்கறேன், நீ எனக்குச் சொல்றியா? மூச்சு உட முடியுதா பாரு! இந்த லாட்டு வெளிய போகப்படாது. ஓரமா அடுக்கி வெய்யி."

சுப்பையன் முதலாளியின் வயிற்றைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். கதவோரம் மோர் கொண்டுவந்து நின்ற சாரதாமணி தலையை மெல்ல ஆட்டினாள். அவன் பனியனை அடுக்கப் போனான்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பெரியாத்தாள் சாட்சி சொல்ல வந்து சேர்ந்தாள். ரத்தினசாமி சீட்டு ஜமாவுக்கு முதல் நாளே சொல்லியனுப்பிவிட்டார். இனிமேல் தினமும் வருவேன், எனக்கென்று ஒரு தலையணை போட்டு வையுங்கள் என்று. கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். சாரதாமணி ஏறினாள்.

"அம்மா தீவாளிக்கு இருந்ததுக்கு ஒரு பண்டல் கம்மிங்க," என்றான் சுப்பையன்.

"கேட்டுக்கக்கா! ரெண்டு பண்டல்ல ஒண்ணுதான் எறங்கியிருக்குது. ஒண்ணு பாக்கி!" ரத்தினசாமி சுருளைத் தடவிக்கொண்டார். "பரவால்ல அம்மிணி, டோலிக்குச் சொல்லியுட்டர்றேன்."

"சித்த இருங்க. நீங்களும் ஒருக்கா ஏறுங்க."

"நானெதுக்கு? என்ற எடைதான் தீவாளிக்கே போட்டாச்சே."

"ஏறி நில்லேன்டா," என்றாள் பெரியாத்தாள். "தராசு உன்னைக் கடிச்சா வெக்கும்?"

ஏறினார். தராசுக் கோல் விறுக்கென்று மேலே போய் முட்டியது. சுப்பையன் ஒரு கல் சேர்த்தான். கோல் இறங்கவில்லை. இன்னொன்று சேர்த்தான். இன்னொன்று.

"தராசு கெட்டுப் போச்சாட்ட இருக்குதுடா," என்றார் ரத்தினசாமி.

"இப்பத்தானுங்க நூல் போட்டுப் பாத்தேன். சரியா நிக்குதுங்க." சுப்பையன் கல்லை இன்னொருமுறை எண்ணினான். "நீங்கதானுங்க மொதலாளி... ஒரு பண்டலும் அதுக்கு மேல ரெண்டு ராத்தலும் ஏறியிருக்கறீங்க."

கொட்டகையில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். இரண்டு பேரில் கனம் இப்போது ரத்தினசாமிதான். அவர் தராசை விட்டு இறங்காமலே கத்தினார்.

"அது தீவாளி எடையை வெச்சுல்ல பந்தயம்!"

"'என்ற எடைக்குக் கீழ'ன்னே. தீவாளி எடைன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?" என்றாள் பெரியாத்தாள். "என்ற காது இன்னும் நல்லாத்தான் இருக்குது."

சாரதாமணி அமைதியாகச் சொன்னாள்: "ரெண்டு பண்டல் தூரமுங்க. ஒரு பண்டல் தூரத்தை நான் எறங்கி வந்தனுங்க. சத்தியமா அதுக்கு மேல என்னால முடியலீங்க. மிச்சத்தை நீங்க ஏறி வந்துட்டீங்க."

சுப்பையன் தலையைச் சொறிந்தான். "அப்ப அந்தச் சுருங்குன லாட்டை அனுப்பீரலாங்களா, மொதலாளி?"

மறுநாள் சிவன்மலை அடிவாரத்தில் டோலிக்காரர்கள் ஓடிவந்தார்கள். சாரதாமணியைக் கடந்து நேராக ரத்தினசாமியிடம் வந்தார்கள். அவர் முறைத்துவிட்டு ஏறத் தொடங்கினார். பாதி மலையில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சாரதாமணிக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் உட்காரவில்லை. உச்சிக்குப் போய் நின்று கீழே பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. பின்னால் தவழாத குறையாக வந்துசேர்ந்த ரத்தினசாமி அதைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கிராப்பு மறந்து போயிற்று. இவள் என் பெண்டாட்டி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

நாவிதர் கத்தியைத் தீட்டியதும் ஞாபகம் வந்துவிட்டது. சுருள்தான் முதலில் விழுந்தது.

குளித்துச் சந்தனம் பூசி வந்தவரிடம் சாரதாமணி பையிலிருந்து ஒரு புதுப் பனியனை எடுத்துக் கொடுத்தாள். போட்டார். தலை நுழைந்தது. கை நுழைந்தது. வயிற்றைத் தாண்டி இடுப்புவரை வந்து அழகாக உட்கார்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டார்.

"பாத்தியா? இதுதான் சுருங்காத லாட்டு!"

"அதே லாட்டுத்தானுங்க."

"அப்பறம் எப்படி இத்தனை சரியா இருக்குது?"

சாரதாமணி அவருடைய மொட்டைத் தலையில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். "ஊட்டுக்கு வந்த நாப்பதாம் நம்பர் இருபதாப் போச்சுன்னு தீவாளிக்குச் சொன்னீங்களே. இனி அந்தக் குறை இல்லீங்க. நூல்ல இல்லாட்டிப் போகுது, பனியன்ல நாப்பது நீங்கதானுங்க."