ராஜா சொன்னது யாரை?

"யாரைச் சொன்னார்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அரண்மனைச் செய்தி அதிகாரி தொலைபேசியில் அலறினாள். வைத்த கையோடு அது மறுபடியும் அடித்தது.

எல்லாம் காலையில் ராஜா மாடத்தில் நின்று முழங்கியதால் வந்தது. "கடல் தாண்டி ஒருத்தன் நம்ம துறைமுகத்து மேல கண்ணு வச்சிருக்கான். அவனை நம்பாதீங்க!" கூட்டம் விசிலடித்தது. அந்த ஒருத்தன் யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. துறைமுகத்தை எடுத்து நடத்த இரண்டு பெரிய நாடுகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

முதல் நாட்டின் தூதர் அனுமதி கேட்காமலே அறைக்குள் வந்தார்.

"எங்களையா சொன்னார்?"

"ஐயையோ, உங்களைப் போய்ச் சொல்வாரா?"

"அப்போ எங்களைவிடப் பயப்பட வேண்டிய நாடு எது?" அவர் முகம் சிவந்தது. "இது அவமானம்! இங்கேயே உட்காருவேன். பதில் வரணும்."

அடுத்த நாட்டின் தூதர் வந்தபோது அவள் உஷாராகிவிட்டாள். "ஆமாங்க, உங்களைத்தான். உங்களை விட்டா வேற யாரு?"

"அப்படியா? நாளைக்கே போர்க்கப்பல் வரும்!"

மூன்றாவதாக ஒரு குட்டித் தீவின் தூதர் தலையை நீட்டினார். "எங்களை இருக்காது. எங்களை யாரும்மா சந்தேகப்படறாங்க?" என்று பெருமூச்சு விட்டு, வாசல் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

அவள் ராஜாவிடம் ஓடினாள். அவர் கட்டிலுக்கடியில் தலையை விட்டு ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, பேரைச் சொல்லிடுங்க. போர்க்கப்பல் வருதாம்!"

"வரட்டுமே! பேரைச் சொன்னா ஒருத்தன்தான் கோவிப்பான். சொல்லலைன்னா எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும்." கட்டிலுக்கடியிலிருந்தே கர்ஜித்தார். "நாம எவனுக்கும் குனிய மாட்டோம்!"

அவளுக்கும் ரத்தம் சூடேறியது. வருஷக்கணக்கில் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றே பழகிய நாக்கு அது. திரும்பி வந்தால், வராந்தாவில் இரண்டு தூதர்களும் சட்டையைப் பிடிக்காத குறை.

"எங்களைத்தான் சொன்னார்!"

"போய்யா, எங்களை!"

"ரெண்டு பேரையும்தான்!" அவள் போட்ட சத்தத்தில் காவலர்கள் விறைத்து நின்றார்கள். "துறைமுகமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கப்பலை அனுப்புங்க. நாங்களும் கரையில நின்னு ஒரு கை பாக்கறோம்!"

பின்னாலேயே வந்த ராஜா கைதட்டினார். தூதர்கள் கதவை அறைந்துவிட்டுப் போனார்கள்.

"சரி, துறைமுகத்தை யாராவது நடத்தணுமே?" என்ற ராஜாவின் பார்வை பெஞ்சுக்குப் போனது. "நம்மை மிரட்டாத ஒரே மனுஷன் இவர்தான். இவருக்கே கொடுத்துடு!"

தீவுத் தூதர் கண் கலங்கக் கும்பிட்டார். அவரைக் கார் வரை வழியனுப்பப் போனவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கதவைத் திறந்த தூதரின் டிரைவரிடம் பெருமையாகக் கேட்டாள்:

"காலையில எங்க ராஜா பேச்சு எப்படி?"

"பிரமாதம்மா! எங்க ஐயா எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே பேசிட்டாரே!"