ஈக்குவேஷன் அளந்த குளம்

நாஞ்சில் நாட்டில் சுடுகஞ்சியால் நாக்கு வெந்து போகாத ஒரே மனிதன் ஈக்குவேஷன்தான். திருவனந்தபுரத்தில் பி.ஏ. கணக்குப் படித்தபோது ஹாஸ்டலில் எனக்கும் அவனுக்கும் ஒரே அறை. ஊரில் அடுத்த தெரு. டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் பாடம் தொடங்கிய அன்று அவனுக்குப் பிடித்த கிறுக்கு கடைசிவரை இறங்கவில்லை; பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். கஞ்சி ஆறும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு போட்டு, பதினோரு நிமிடம் கழித்துத்தான் வாய் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னான். நாங்கள் பசியோடு அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பதினோராவது நிமிடத்தில் கஞ்சி சரியான சூட்டில் இருக்கும். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெற்பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் நிற்கிறது. குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. பயிர் தப்ப இன்னும் பன்னிரண்டு நாள் பாய வேண்டும். மடையைக் கொஞ்சமாகத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்து விடலாம் என்று ஊரில் பேச்சு.

ஈக்குவேஷன் குறுக்கே வந்தான். மட்டம் தாழத் தாழ மடையில் நீர் போகும் வேகமும் குறையும், ஆகவே முழுக்கத் திறந்தாலும் பதினைந்து நாள் வரும் என்று நாலு தாளில் எழுதிக் காட்டினான். தாளைத் தலைகீழாகப் பிடித்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். மடைக்காரர் மட்டும், "கொளம் ஒனக்க தாளைப் படிக்காதே மக்கா" என்றார். பி.ஏ.வுக்கு முன்னால் அது எடுபடவில்லை. மடை முழுக்கத் திறந்தது.

நாலாம் நாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனான். மட்டம் பார்க்கப் படித்துறையில் அவன் நட்டிருந்த மூங்கிலில், அன்றைக்கு என்று தாளில் எழுதிய இடத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தான். பத்தடி தாண்டியதும் முழங்கால் அளவுதான்.

சின்ன வயதிலிருந்து அவன் குளித்தது அந்தப் படித்துறையில் மட்டும். சித்திரையில் ஊரார் வயலுக்கு வண்டல் வெட்டி எடுப்பதும் அதை ஒட்டித்தான்; அங்கே மட்டும் பள்ளம். அந்த ஆழத்தையே குளம் முழுவதற்கும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தான். பயிருக்கு இன்னும் ஒன்பது நாள் வேண்டும். இருந்த தண்ணீர் நாலு நாளைக்குக்கூடக் காணாது.

என் அப்பாவின் வயலும் அந்த மடையைத்தான் நம்பியிருந்தது. நண்டு வளை தோண்டிக் கரை கசிகிறது, மடைக்காரர் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாமே என்று யோசனை சொன்னவன் நான்தான். இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நேரே மடையடிக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் நின்றான்.

"எனக்க கணக்கு தப்பு. இண்ணைக்கே மடையைக் குறைச்சு முறை வையுங்க. எங்க வயலுக்குக் கடைசில விட்டாப் போதும்."

அவன் அப்பா அங்கேதான் இருந்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மாசியில் ஹாஸ்டலுக்கு என் அப்பாவின் கடிதம் வந்தது. எங்கள் களத்தில் நெல்; கடைசி முறைக்குத் தண்ணீர் எட்டாமல் ஈக்குவேஷன் வீட்டுக் களத்தில் பதர். ஒளித்து வைப்பதற்குள் அவன் வாசித்துவிட்டான். அன்று கஞ்சி வந்தபோது அவன் கடிகாரத்தை எடுக்கவில்லை. சுடச்சுடக் குடிக்கப் போனான்.

நான் அவன் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து நடுவில் வைத்தேன். "பாத்துச் சொல்லுலே" என்றேன்.

குடிக்கப் போன கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு கடிகாரத்தைத் தன் பக்கம் திருப்பினான். அன்று அவன் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தாலும் நான் காத்திருப்பேன்.