ஊட்டுல ஒரு வார்த்தை

பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய கணக்கெடுப்புப் படிவத்தைத் தொழிலாளர்கள் நூற்றுப்பத்துப் பேரும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். 'ஆணும் பெண்ணும் சமம்' என்ற வரிக்கு முழுச் சம்மதம். 'வீட்டில் ஆண் சொல்வதே முடிவு' என்ற அடுத்த வரிக்கும் முழுச் சம்மதம். சித்ரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருள்புரத்து பனியன் கம்பெனி ஒன்றில் அவள் எச்.ஆர். உதவியாளர். மேனேஜர் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம். அவர் வேலையையும் அவளே பார்க்கிறாள், நாற்காலி மட்டும் காலி. அதை முதலாளி தனபாலிடம் மூன்று மாதமாகக் கேட்டு வருவது கம்பெனி முழுக்கத் தெரிந்த கதை. அவரும் முகம் சுளிக்காமல், "ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேன் அம்மிணி" என்பார். பெண்டாட்டியைக் கேட்டு முடிவெடுக்கிற மனுஷன் என்று அவர்மேல் அவளுக்குத் தனி மரியாதை. இந்தக் கணக்கெடுப்பை ஒழுங்காக முடித்தால் நாற்காலி கிடைத்துவிடும் என்று நம்பினாள்.

படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வாயால் கேட்டுப் பார்த்தாள். சூப்பர்வைசர் லிங்கசாமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் வந்தது. அவரை விரட்டினாள். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் வந்தது. "நீங்க சொன்னாச் சரிதானுங்க மேடம்."

கடைசியில் இந்த ஊருக்கென்றே ஓர் அளவுகோலை அவளே கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வருகிறாயா என்று ஒவ்வொருவரையும் கேட்பது. தானாக முடிவு சொன்னால் பத்து மார்க். வீட்டில் கேட்கணும் என்றால் பூஜ்யம்.

எழுபது பெண்களில் அறுபத்தாறு பேர் வீட்டில் கேட்கணும் என்றார்கள். சம்பாதிப்பது நீ, உத்தரவு போடுவது அவனா என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். ஆண்களையும் கேட்டாள். நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் அதே பதில்தான். மனைவியை மதிக்கிறார்களே என்று அவர்களுக்கு மட்டும் பத்துப் பத்தாகப் போட்டாள்.

அறிக்கையைத் தனபால் ரசித்துப் படித்தார்.

"நம்ம ஆம்பளைக தங்கம். பொம்பளைகளுக்குத்தான் தானா முடிவெடுக்கத் தெரியல. நீங்களே எழுதியிருக்கறீங்க."

"அப்ப எனக்கு மேனேஜர் வேலை தர்ற விசயமுங்க?"

"இதைப் படிச்ச பொறகுமா? சரி, ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றேன்."

தன் கையாலேயே தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்ட ஆத்திரத்தோடு செக்கிங் பகுதிக்குப் போனாள். பூஜ்யம் வாங்கியவர்களில் முதலில் அகப்பட்டவள் பனியனில் நூல் பிசிறு வெட்டும் மூக்கம்மாள்.

"ஏனுங்கக்கா, உங்களாலதான் எனக்கு மானம் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை வர்றதுக்குப் புருசனைக் கேக்கோணுமா?"

"அவரு செத்து எட்டு வருசமாச்சுங்க மேடம்."

"அப்ப ஊட்டுல ஆரைக் கேக்கறீங்க?"

"ஆரும் இல்லீங்க. நானும் பூனையுந்தான். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? அதுக்குத்தான் ஊட்டுல கேக்கோணும்ங்கறது. இங்க ஆருமே முடியாதுன்னு நேராச் சொல்ல மாட்டாங்க."

முப்பத்தெட்டு ஆண்களுக்குப் போட்ட பத்துகள் சித்ரகலாவின் கண்முன் வரிசையாக வந்து போயின. யாருமேவா என்று கேட்டாள்.

மூக்கம்மாள் அடுத்த பனியனை எடுத்து உதறினாள்.

"மொதலாளி உங்ககிட்ட மூணு மாசமா என்னங்க சொல்றாரு?"